'முடிந்தது' என்றாலும் படத்தைத் திறந்து பாருங்கள்

வேலூர் நேயர்களுக்கு வணக்கம். காட்பாடி ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பெரிய ஸ்கேன் கவரோடு இறங்குபவர்கள் கண்ணில் படுவார்கள். இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். மூளைப் படம் நமக்குப் பழகிய விஷயம். அதைக் கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஃப்ரீசர்ஃபர் என்று ஒரு இலவச மென்பொருள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மார்ட்டினோஸ் மையத்தில் வளர்ந்தது. ஆராய்ச்சிக்கு மட்டும், நோயாளியின் ரிப்போர்ட்டுக்கு அல்ல. எம்.ஆர்.ஐ. படத்தில் மண்டை ஓட்டை நீக்கி, உள்ளே இருக்கும் வெண்பொருளையும் அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறப் புறணியையும் பிரித்து, புறணி எவ்வளவு தடிமன் என்று அளக்கும். சராசரி இரண்டரை மில்லிமீட்டர்தான். அதனால் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஆராய்ச்சி முடிவே மாறிவிடும்.

ஒருமுறை ராணிப்பேட்டையிலிருந்து ஒரு மாணவி வந்தாள். "சார், ஒருத்தருக்கு மட்டும் கண்ணுக்கு மேலே புறணி நாலு மில்லிமீட்டருக்கு மேல இருக்கு" என்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம், புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று. மென்பொருளும் 'பிழையின்றி முடிந்தது' என்று எழுதியிருந்தது. "முதலில் படத்தைத் திறம்மா" என்றேன். துண்டு துண்டாக நகர்த்திப் பார்த்தோம். புறணியின் வெளி எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு, கண்குழிக்கு மேலே மூளையைத் தாண்டி வெளியே போயிருந்தது. ஓட்டுக்குக் கீழே டியூரா என்று ஒரு கெட்டியான உறை உண்டு. மென்பொருள் மண்டை ஓட்டை நீக்கும்போது அந்த உறையில் ஒரு கீற்று அங்கேயே தங்கிவிட்டது. படத்தில் அதன் வெளுப்பும் புறணியின் வெளுப்பும் கிட்டத்தட்ட ஒன்று. வெளுப்பை வைத்துப் பிரிக்கும் மென்பொருள் அதையும் புறணி என்றே எடுத்துக்கொண்டது.

அந்தக் கோட்டைத் திருத்திப் பயனில்லை. மேல் ஏரியின் மதகு அடைத்திருக்கும்போது கீழ் ஏரியைத் தூர் வாரி என்ன செய்ய? ஓடு நீக்கிய படத்துக்கே திரும்பிப் போய், அந்தக் கீற்றை அழித்து, அங்கிருந்து மறுபடி ஓடவிட்டோம். தடிமன் இறங்கியது. திரும்பவும் சொல்கிறேன்: 'முடிந்தது' என்று வந்தால் ஓட்டம் பாதியில் நிற்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

இன்னொன்று. வெண்பொருளின் வெளுப்பை மென்பொருள் 110 என்ற அளவுக்குச் சமப்படுத்தும். காதுப்பக்க மடலின் நுனியில் படம் மங்கலாக இருந்தால் வெண்பொருள் விடுபட்டுப் போகும். அப்போது 'இது வெண்பொருள்தான்' என்று கையால் புள்ளி வைக்கலாம். புள்ளி வெண்பொருளுக்குள்ளேயே விழ வேண்டும், புறணியில் பட்டுவிடக் கூடாது.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். தலை அசைவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: படம் எடுக்கும்போது தலை லேசாக அசைந்தாலும் புறணி உள்ளதைவிட மெலிந்து தெரியும், பின்னால் எந்தத் திருத்தமும் அதை முழுதாக ஈடு செய்யாது. இருமலோ கழுத்து வலியோ இருந்தால் உள்ளே படுக்கும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். வணக்கம்.