இரவில் ஊறி காலையில் வேகும் புளூபெரி ரொட்டி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைகளிலும், மே மாதத்து அன்னையர் நாளிலும், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் காலைகளிலும் பத்து, பதினொரு மணியளவில் உற்றாரை அழைத்து உண்ணும் உணவுக்கு பிரன்ச் என்று பெயர். பிரன்ச் மேசையில் அடிக்கடி இடம்பெறும் ஒரு பண்டத்தைப் பற்றிப் பேசவே இந்நிகழ்ச்சிக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். முட்டையும் பாலும் கலந்த கலவையில் ரொட்டித் துண்டுகளை முந்தைய இரவே ஊறவைத்து, பழங்களைச் சேர்த்து, மறுநாள் காலை ஓவனில் வேகவைத்து எடுக்கும் இதனை அங்குள்ளவர்கள் பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல் என்பார்கள். நான் வசிக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் புளூபெரிப் பழம் மலிவாகக் கிடைப்பதால், அந்தப் பழத்தை வைத்தே செய்முறையைச் சொல்கிறேன்.

ரொட்டியைப் பாலில் நனைத்து, பொரித்து, தேன் ஊற்றி உண்ணும் வழக்கம் பண்டை ரோமானியர் காலத்திலேயே இருந்தது. பழையதாகிக் காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் பயன்படுத்துவதற்காக ஐரோப்பிய வீடுகள் பலவும் அதைக் கைக்கொண்டன. ஆனால், தோசைக்கல் போன்ற தட்டையான சட்டியில் ஒவ்வொரு துண்டாகப் போட்டுத் திருப்பி எடுக்கும் முறையில் ஒரு சங்கடம் உண்டு. எட்டுப் பேர் விருந்துக்கு வந்திருந்தால், முதல் இருவர் சூடாக உண்டு முடித்த பிறகும் வீட்டுக்காரர் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருப்பார். மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி ஓவனுக்குள் வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறலாம். அழைத்தவரும் விருந்தினரோடு அமர்ந்து உண்ணலாம்.

நேரம் மிச்சமாகிறது என்பதை மட்டும் மனத்தில் கொண்டு, எல்லாவற்றையும் இரவிலேயே ஒன்றாகப் போட்டு மூடிவைத்துவிடுபவர்கள் பலர். காலையில் அடிப்பகுதி கூழாகவும், பழம் சாம்பல் நிறச் சாறாகவும், மேற்பகுதி நமத்தும் போயிருப்பதைக் கண்டு செய்முறையையே குறைசொல்வார்கள். உண்மையில் இந்தப் பண்டத்தில் ரொட்டிக்குத்தான் இரவு முழுவதும் தேவை. பெரும்பாலான பழங்களுக்கும் மேலே தூவும் மொறுமொறுப்பான பூச்சுக்கும் இரவு பகையானது. எதை இரவில் முடிப்பது, எதைக் காலைக்கு ஒதுக்குவது என்று பிரித்தறிவதில்தான் இதன் கைப்பக்குவம் இருக்கிறது.

முதலில் ரொட்டி. கடைகளில் உறையிலிட்டு விற்கும் மெல்லிய சாண்ட்விச் ரொட்டி இதற்கு ஆகாது. சில மணி நேரத்திலேயே கரைந்துவிடும். யூதர்கள் ஓய்வுநாளுக்காகப் பின்னல் போட்டுச் சுடும் ஹல்லா ரொட்டியும், வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த பிரெஞ்சு பிரியோஷ் ரொட்டியும், மேலோடு தடித்த நீள ரொட்டியும் தாக்குப்பிடிக்கும். என் தேர்வு ஹல்லா. ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலம் அளவுள்ள பாத்திரத்துக்கு ஏறத்தாழ 450 கிராம் ரொட்டி போதும். அதை ஓர் அங்குலச் சதுரத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

ரொட்டி ஒரு நாள் பழையதாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான செய்முறைகள் சொல்லும். பழையதாவது வேறு, உலர்வது வேறு. சுட்ட ரொட்டி ஆறியபின் அதிலுள்ள மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் படிகமாகக் கூடுவதால் அது விறைக்கிறது. ஈரம் அப்படியே இருக்கும்போதும் இந்த மாற்றம் நிகழும். குளிர்பதனப் பெட்டியின் குளிரில் இன்னும் விரைவாகவே நிகழும். நமக்கு வேண்டியதோ ஈரம் குறைந்து, பால்கலவையை உறிஞ்ச இடமுள்ள துண்டுகள். ஆகவே, புது ரொட்டி மட்டுமே கையில் இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. வெட்டிய துண்டுகளைத் தட்டில் பரப்பி 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதினைந்து, இருபது நிமிடம் வைத்து எடுத்தால், ஒரு நாள் காத்திருந்ததைவிட நல்ல பலன் கிடைக்கும். நிறம் மாறக் கூடாது. தொட்டால் மேற்புறம் காய்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது பால்கலவை. எட்டு முட்டை, இரண்டரைக் கோப்பைப் பால், அரைக் கோப்பை கிரீம், கால் கோப்பைச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி வெனிலாச் சாறு, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், சிட்டிகை ஜாதிக்காய்த்தூள், ஓர் எலுமிச்சையின் துருவிய மஞ்சள் தோல் ஆகிய இவ்வளவும் சேர்த்து, முட்டையின் வெண்கரு இழை இழையாகத் தனித்துத் தெரியாதபடி அடித்துக் கலக்க வேண்டும். எலுமிச்சையின் தோலைத்தான் சேர்க்க வேண்டும். சாற்றைச் சேர்த்தால் பால் திரிந்துவிடும். அமெரிக்கச் செய்முறைகள் பலவற்றில் இதைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரை இருக்கும்; அதன் மேல் மேப்பிள் பாகு வேறு ஊற்றுவார்கள். பழத்தின் சுவை நாவில் தெரிய வேண்டுமானால் அந்தப் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது என்பது என் கருத்து.

வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, கலவையைச் சுற்றிலும் சீராக ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்தி, மேலிருக்கும் துண்டுகளும் நனைந்தனவா என்று பார்த்து மூடிவைக்க வேண்டும். நம் வீடுகளில் முதல் நாள் இரவு இட்லிக்கு மாவு கரைத்து வைப்பதோடு சிலர் இதை ஒப்பிடுவார்கள். ஆனால், இட்லி மாவு புளிப்பதற்காக வெளியில் இருக்கிறது. முட்டையும் பாலும் கலந்த இந்தக் கலவை இரவில் வெளியில் இருக்கவே கூடாது. குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் வைத்து, ஒரு நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். எட்டு மணி நேரத்துக்குள் கலவை ரொட்டியின் நடுவரை சென்று சேர்ந்துவிடும். அதற்கு மேல் வைப்பதால் சுவை ஒன்றும் கூடப்போவதில்லை.

இனிப் பழத்துக்கு வருவோம். புளூபெரி அமெரிக்காவின் சொந்தப் பழம். ஆனால், தோட்டத்தில் பயிரிடப்படும் புளூபெரிக்கு வயது அதிகமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அது காட்டுப் புதர்களில் பறிக்கப்பட்டது. தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்றவர்களுக்குச் செடி பிழைக்கவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரடெரிக் கோவில், அந்தச் செடிக்குப் புளிப்பான அமில மண்தான் வேண்டும் என்று ஆராய்ந்து 1910ஆம் ஆண்டு வெளியிட்டார். அதைப் படித்த எலிசபெத் ஒயிட் என்னும் பெண்மணி, நியூ ஜெர்சியில் ஒயிட்ஸ்பாக் என்ற இடத்தில் தம் குடும்பத்துக்கு இருந்த கிரான்பெரித் தோட்டத்தில் ஆய்வைத் தொடரும்படி அவரை அழைத்தார். சுற்றுவட்டாரக் காடுகளில் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் கண்டுபிடித்துத் தருவோருக்குப் பணம் தந்து, அந்தப் புதர்களுக்குக் கண்டுபிடித்தவர்களின் பெயரையே சூட்டினார். இருவரும் வளர்த்தெடுத்த பழம் 1916ஆம் ஆண்டு முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. இன்றும் அதே மாநிலத்தின் ஹாமன்டன் ஊர் தன்னை உலகின் புளூபெரித் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது.

புதிதாகப் பறித்த புளூபெரியின் தோல் கெட்டியானது; கிழியாமல் இருக்கும்வரை சாறு வெளியேறாது. அதனால், இரண்டு கோப்பைப் பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரவிலேயே ரொட்டியின் இடையில் சொருகிவிடலாம். உறையவைத்த பழத்தின் தன்மை வேறு. உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் பழத்தின் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகத் தொடங்கியதும் ஊதாச் சாறு வழியும். அந்தச் சாற்றின் நிறமி புளிப்பில் சிவந்தும், புளிப்புக் குறைந்த இடத்தில் நீலம் பாய்ந்தும் காட்டும் இயல்புடையது. முட்டையும் பாலும் கலந்த கலவையில் இரவு முழுவதும் கிடந்தால் பார்க்கச் சகிக்காத சாம்பல் நீலமாக மாறிவிடும். ஆகவே, உறைந்த பழத்தை உருகவிடாமல், காலையில் ஓவனுக்குள் வைக்கும் நேரத்தில்தான் மேலே தூவ வேண்டும்.

மற்றப் பழங்களை இரவில் சேர்க்கலாமா என்பதை அவற்றின் குணத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஆப்பிளைப் பச்சையாகச் சேர்த்தால் கலவை இறுகும் நேரத்துக்குள் அது முழுதும் வேகாது. வெண்ணெயில் சிறிது வதக்கி ஆறவைத்துக்கொண்டால் இரவிலேயே சேர்க்கலாம். உலர்திராட்சையும் உலர்ந்த கிரான்பெரியும் இரவில் ஊறினால் பருத்து இன்னும் சுவையாகும். வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுக்கும். ஸ்ட்ராபெரியை வெட்டிச் சர்க்கரையில் புரட்டி வைத்தால் நீர்விட்டுத் தளரும். இவ்விரண்டும் காலைக்கு உரியவை. சூடாக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றை மட்டும் அறவே சேர்க்கக் கூடாது. அவற்றில் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. முட்டையின் புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் கலவை இறுகுகிறது. இரவு முழுவதும் நொதி அந்தப் புரதத்தை வெட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நெகிழ்ந்துதான் இருக்கும். டப்பாவில் அடைத்த அன்னாசி முன்பே சூடாக்கப்பட்டதால் அதன் நொதி செயலிழந்திருக்கும். சாற்றை வடித்துவிட்டுச் சேர்க்கலாம்.

மேற்பூச்சுக்கு அரைக் கோப்பை மைதா, அரைக் கோப்பை ஓட்ஸ், அரைக் கோப்பைப் பழுப்புச் சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம் ஆகியவற்றை விரல்களால் பிசிறிக்கொள்ள வேண்டும். இதை இரவிலேயே செய்து தனிக் கிண்ணத்தில் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ரொட்டியின் மேல் இரவே தூவினால் ஈரத்தை உறிஞ்சிச் சேறாகிவிடும்.

காலையில் முதல் வேலை, பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு ஓவனை 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுவது. கண்ணாடிப் பாத்திரம் என்றால் இதில் கவனம் வேண்டும். குளிரிலிருந்து நேரே கொதிசூட்டுக்குள் வைத்தால் அது வெடித்துச் சிதறக்கூடும். அரைமணி நேரம் வெளியில் இருந்தால் அதன் குளிர்ச்சி ஓரளவு தணியும். அதன்பின் பூச்சைத் தூவி, மூடாமல் உள்ளே வைக்கலாம். உள்ளே இருப்பது குளிர்ந்த கலவை என்பதால் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும். நடுப்பகுதி இறுகும் முன்பே மேற்புறம் சிவந்துவிட்டால், ஓர் அலுமினியத் தாளை அழுத்தாமல் மேலே போர்த்திவிட்டால் போதும்.

வெந்துவிட்டதா என்று அறிவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பழத்தின் சாறு இருப்பதால் குச்சியைக் குத்திப் பார்த்தால் ஈரமாகத்தான் வரும். அந்த ஈரம் தெளிவான சாறா, மாவு போன்ற பாலா என்பதைப் பார்க்க வேண்டும். பாத்திரத்தை லேசாக அசைத்தால் நடுப்பகுதி தளும்பாமல், மெல்ல அதிர வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம். முட்டை சேர்ந்த இத்தகைய உணவு குறைந்தது 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்று அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு அறிவுரை சொல்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்ந்த கலவை அதைவிடச் சற்று உயர்ந்த சூட்டில்தான் நன்கு இறுகும் என்பதால், நான் 80 டிகிரியை ஒட்டி எடுப்பேன். அதற்கு மேலும் விட்டுவைத்தால் முட்டைப் புரதம் இறுகிச் சுருங்கி, தன்னிடமிருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். பாத்திரத்தின் அடியில் தேங்கி நிற்கும் நீருக்குப் பெரும்பாலும் பழத்தைக் குற்றம் சொல்வோம், காரணம் கூடுதல் சூடாக இருக்கும். வெளியே எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்து வெட்டினால் துண்டுகள் சிதையாமல் வரும்.

முட்டை உண்ணாத வீடுகளிலிருந்து இதைச் செய்ய முடியுமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் வரும். முடியும், ஆனால் முறை மாற வேண்டும். ஹல்லாவிலும் பிரியோஷிலும் முட்டை இருப்பதால், இதற்கு முட்டை சேராத நீள ரொட்டியையே எடுத்துக்கொள்ள வேண்டும். 1837ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு என்பவர், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக, கார்ன்ஃப்ளோர் எனப்படும் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியைச் செய்தார். நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் கஸ்டர்ட் பொடி அந்த வழியில் வந்ததே. சோளமாவு நன்றாகச் சூடேறினால்தான் கெட்டியாகும் என்பதால், அதைப் பச்சையாகக் கரைத்து ரொட்டியில் ஊற்றினால் மாவு அடியில் படிந்துவிடும். மூன்று கோப்பைப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி பொடியைக் கரைத்து, அடுப்பில் கொதிக்கவைத்து, தளர்ந்த கூழ் பதத்தில் இறக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே துண்டுகளின் மேல் ஊற்றி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். முட்டை தரும் உப்பல் இதில் வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுவையில் குறையிருக்காது, முட்டை இல்லாததால் முன்னர்ச் சொன்ன 71 டிகிரிக் கணக்கும் இதற்குத் தேவையில்லை, பூச்சு சிவந்து, நடுப்பகுதி நன்கு சூடேறினால் எடுத்துவிடலாம்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நாள்வரை இருக்கும். மீண்டும் சூடாக்க மைக்ரோவேவைவிட ஓவனே நல்லது. அலுமினியத் தாளால் மூடி 160 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, கடைசி ஐந்து நிமிடம் தாளை எடுத்துவிட்டால் பூச்சு மறுபடியும் மொறுமொறுப்பாகும். நன்றி, வணக்கம்.