மூணு கொட்டேஷன், மூணு தொகை: எதை எதோட ஒப்பிடணும்?

[திரையில்: மூணு கொட்டேஷன் தாள்கள் பக்கத்துப் பக்கத்துல. மொத்தத் தொகை இருக்குற கடைசி வரி மட்டும் பெரிசாத் தெரியுது.]

வணக்கம். வீடு மாத்தறதுக்காக மூணு கம்பெனிகிட்ட விலை கேட்டாச்சு. ஒண்ணு ரொம்பக் கம்மி, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு எக்கச்சக்கம். இந்த மூணு தொகையை மட்டும் வெச்சு முடிவு எடுக்க முடியாது. ஏன்னா மூணு பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்க மாட்டாங்க. ஒருத்தர் கணக்குல உங்க பரண் சாமானே இருக்காது. இன்னொருத்தர் கட்டிலைக் கழட்டி மாட்டுற வேலையைச் சேர்த்திருக்க மாட்டார். மூணாவது ஆள் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தே சொல்லியிருப்பார், அதனாலயே அவர் விலை பெரிசாத் தெரியும்.

அப்போ முதல் வேலை, மூணு பேரையும் ஒரே வேலைக்கு விலை சொல்ல வைக்கிறது. அதுக்கு சாமான் பட்டியலை நீங்களே எழுதணும்.

[திரையில்: அளவு நாடா, ஒரு நோட்டு.]

ஒவ்வொரு அறையாப் போய் எழுதுங்க. பெரிய சாமானுக்கு நீளம், அகலம், உயரம் மூணையும் அடியில அளந்து பெருக்குங்க. 4 அடி அகலம், 2 அடி ஆழம், ஆறரை அடி உயரம் உள்ள பீரோன்னா 52 கன அடி. இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, ஐந்தரை அடி உயரம் உள்ள ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 34 கன அடி. சின்னச் சாமானைப் பெட்டி எண்ணிக்கையா எழுதுங்க. புத்தகம், பாத்திரம் மாதிரி கனமானதுக்கு ஒன்றரை கன அடிப் பெட்டி. துணி, தலையணை மாதிரி லேசானதுக்கு நாலரை கன அடிப் பெட்டி. புத்தகத்தைப் பெரிய பெட்டியில நிரப்பினா தூக்கும்போது அடிப்பக்கம் பிளந்துடும், அதனாலதான் இந்தப் பிரிவு.

விட்டுப்போறது எப்பவும் ஒரே இடங்கள்தான்: பரண், பால்கனி, கட்டிலுக்கு அடியில இருக்குற பெட்டி, மொட்டைமாடி, படிக்கட்டுக்குக் கீழ. செடித்தொட்டியையும் எண்ணுங்க. கேஸ் சிலிண்டர், பெயிண்ட், பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கிற பொருளை ஏத்திக்க மாட்டாங்க, அதைப் பட்டியலுக்கு வெளிய வெச்சு தனியா ஏற்பாடு பண்ணுங்க.

பட்டியலோட இன்னும் சில விவரம் போகணும். ரெண்டு வீடும் எத்தனாவது மாடி? லிஃப்ட் இருக்கா, அதுக்குள்ள பீரோ நுழையுமா? லாரி நிக்கிற இடத்துல இருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம்? தெருவுக்குள்ள பெரிய லாரி வருமா? வராதுன்னா, பெரிய லாரியில இருந்து சின்ன வண்டிக்கு மாத்தி எடுத்துட்டு வரணும், அதுக்குத் தனி ஆள், தனி நேரம், தனிக் காசு. ஏத்துற அன்னைக்கு இது தெரியவந்தா பேரம் பேச உங்க கையில ஒண்ணும் இருக்காது.

இந்த ஒரே தாளை மூணு பேருக்கும் அனுப்புங்க. அனுப்பிட்டு, நேர்லயோ வீடியோ கால்லயோ வந்து பார்க்கச் சொல்லுங்க. எத்தனை அறைன்னு போன்ல கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல சொல்ற தொகை வெறும் ஊகம், அதை ஒப்பீட்டுலயே சேர்க்காதீங்க. பார்க்க வர்றவர் பரணைத் திறந்து பார்க்கிறாரா, பீரோவை உள்ள இருக்குற துணியோட தூக்கணுமா காலி பண்ணித் தருவீங்களான்னு கேட்கிறாரான்னு கவனிங்க. கேட்கிறவர் சொல்ற விலையை நம்பலாம்.

[திரையில்: மூணு தாள்லயும் கன அடி எண் மட்டும் வட்டமிடப்படுது: 420, 590, 610.]

கொட்டேஷன் கைக்கு வந்ததும் தொகையை விட்டுட்டு, முதல்ல கன அடியைப் பாருங்க. தாள்ல அது இல்லன்னா கேட்டு எழுதி வாங்குங்க. ரெண்டு பேர் 590, 610னு சொல்லி, ஒருத்தர் மட்டும் 420னு சொன்னா, அந்த ஆள் உங்க சாமான்ல ஒரு பகுதியைப் பார்க்கவே இல்லன்னு அர்த்தம். 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள லாரிக்கு மொத்தக் கொள்ளளவே 504 கன அடி. அதுலயும் சாமானுக்கு நடுவுல இடைவெளி விழும், முழுசா நிரப்ப முடியாது. 420ன்னு நம்பி இந்த லாரியை அனுப்பிட்டு, 600 கன அடி சாமான் வாசல்ல நின்னா, ரெண்டாவது வண்டிக்கான காசு உங்க தலையிலதான் விழும்.

ஒருத்தர் எடையிலயும் இன்னொருத்தர் கன அடியிலயும் விலை சொன்னா எப்படி ஒப்பிடறது? வீட்டுச் சாமானுக்கு ஒரு கன அடி சுமார் 3.2 கிலோன்னு இந்தத் தொழில்ல கணக்கு வெச்சிருக்காங்க. அப்போ 600 கன அடி, கிட்டத்தட்ட 1,900 கிலோ. எடைக் கொட்டேஷன்ல 1,300 கிலோன்னு போட்டிருந்தா அது ஏறத்தான் போகுது. புத்தகம் நிறைய இருக்குற வீடுன்னா 1,900ஐயும் தாண்டும்.

மணிக்கணக்குல விலை சொல்றவங்ககிட்ட கேட்க வேண்டியது வேற. மணிக்கு எவ்வளவுங்கிறது பாதி விஷயம்தான். எத்தனை ஆள், குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம், அவங்க கிளம்புற இடத்துல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற நேரமும் மீட்டர்ல ஓடுமா, பத்து நிமிஷம் கூடினா அரை மணியா முழுமணியா கணக்கு பண்ணுவாங்க, இதெல்லாம் எழுத்துல வேணும். ரெண்டு ஆளை அனுப்பி ஒன்பது மணி நேரம் எடுக்கிறதைவிட, நாலு ஆள் வந்து நாலு மணி நேரத்துல முடிக்கிறது பல நேரம் மலிவா முடியும்.

அடுத்தது, தொகை மாறுமா மாறாதாங்கிறது. இதுல மூணு வகை உண்டு. ஒண்ணு உத்தேச விலை: கடைசியில எடையோ நேரமோ கூடினா தொகையும் கூடும். ரெண்டாவது உறுதி விலை: பட்டியல்ல இருக்குற சாமானுக்கு இவ்வளவுதான். மூணாவது உச்சவரம்பு விலை: இதுக்கு மேல போகாது, சாமான் குறைஞ்சா தொகையும் குறையும். கிடைக்கும்னா மூணாவதைக் கேளுங்க, நமக்கு நல்லது அதுதான். உத்தேச விலையை உறுதி விலையோட நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. உறுதி விலைக்காரர் கொஞ்சம் கூடச் சொல்றது, கூடினா அவர் ஏத்துக்கப்போற நஷ்டத்துக்காக.

[திரையில்: வெள்ளைப் பலகை. மூணு பத்தி: அ, ஆ, இ.]

இப்போ கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டும். அ 100, ஆ 118, இ 135.

அ தாள்ல பேக்கிங் இல்ல, கழட்டி மாட்டறது இல்ல, மூணாவது மாடிக்குப் படி ஏத்தறது இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, வரி தனின்னு போட்டிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் அவங்ககிட்டயே விலை கேட்டு எழுதுங்க: பேக்கிங் 14, கழட்டி மாட்ட 6, மாடிக்கு 8, இன்சூரன்ஸ் 4. மொத்தம் 132. அதுமேல வரி 10 சதவீதம்னு வெச்சா 145. ஆ தாள்ல இன்சூரன்ஸ் மட்டும்தான் இல்ல, வரியோட சேர்த்து அதுக்கு 4 போட்டா 122. இ எல்லாம் சேர்த்தது, 135லயே நிக்குது.

ஆனா அவசரப்பட்டு அ கம்பெனியைத் தள்ளிடாதீங்க. உங்க வீடு தரைத்தளம், பேக்கிங்கும் கழட்டறதும் நீங்களே செய்வீங்கன்னா, அ தாள் இன்சூரன்ஸ், வரி சேர்த்து 114லதான் முடியும். அப்போ ஆ, இ ரெண்டு பேர்கிட்டயும் அந்த வேலைகளைக் கழிச்சுட்டு விலை கேட்கணும்.

கழட்டி மாட்டறதுன்னு ஒரே வரியில போட்டிருந்தா அதைப் பிரிச்சுக் கேளுங்க. கட்டிலும் மேஜையும் மட்டுமா? சுவர்ல மாட்டின டிவி, ஏசி இதுல வருமா? ஏசிக்கு பெரும்பாலும் தனி மெக்கானிக், கேஸ் நிரப்புறதும் தனி. ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்னா, டிரம் ஆடாம இருக்க பின்பக்கம் போடுற டிரான்சிட் போல்ட் மிஷின் வாங்கும்போதே வந்திருக்கும். அதைத் தேடி எடுத்து வைங்க, யார் மாட்டுவாங்கன்னு கேளுங்க. போல்ட் போடாம ஏத்தினா குலுக்கல்ல டிரம்மைத் தாங்குற ஸ்பிரிங்கும், அதிர்வைக் குறைக்கிற டேம்பரும் அடிவாங்கும். பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோட அழுத்திச் செஞ்ச பலகை, அதுல செஞ்ச அலமாரியைப் பத்தியும் பேசிடுங்க. ஒருமுறை கழட்டி மாட்டினாலே திருகு ஓட்டை தளர்ந்து ஆட ஆரம்பிக்கும், அதனால பல கம்பெனி அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கறதில்ல.

இன்சூரன்ஸ்ல சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. இழப்பீடு பொருளோட மதிப்புக்கா, எடைக்கா? எடைக்குன்னா 10 கிலோ டிவி உடைஞ்சாலும் 10 கிலோ இரும்புச் சாமான் நசுங்கினாலும் ஒரே காசு. பாலிசி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி பேர்ல வருதா, இல்ல வீடு மாத்தற கம்பெனியே "நாங்க பார்த்துக்கறோம்"னு போட்ட வரியா? ரெண்டாவதுன்னா அதுக்குக் காசு கொடுக்கிறது வீண்னுதான் சொல்வோம். நீங்களே கட்டின பெட்டிக்குள்ள உடைஞ்சா பெரும்பாலும் கிடைக்காதுங்கிறதையும், சொந்த பேக்கிங்ல மிச்சமாகுற காசையும் சேர்த்து எடைபோடுங்க.

தூரம் அதிகம்னா இன்னொரு கேள்வி: லாரி முழுக்க உங்களுக்கா, பலர் சாமானோட பங்கு லோடா? பங்கு லோடு மலிவு. ஆனா நடுவுல இறக்கி ஏத்துவாங்க, வந்து சேர்ற நாள் தள்ளும், தள்ளினா அந்த நாளுக்கு யார் செலவுன்னு தாள்ல இருக்கணும். லாரி அவங்களோடதா, வேற ஆளுக்குக் கைமாத்துவாங்களான்னும் கேளுங்க. கைமாத்தினா ஏதாவது உடையும்போது ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுவார்.

முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்கிறவங்க, முகவரி இல்லாத கொட்டேஷன், மத்த ரெண்டு பேர் சொன்ன விலையில பாதிக்கும் கீழ சொல்றவங்க, இந்த மூணையும் கணக்குப் போடாமலே விட்டுடலாம். பாதி வழியில சாமானை வெச்சுக்கிட்டு கூடுதல் காசு கேட்கிற தகராறுக்கு வழிவிடுறது இந்த மாதிரி ஒப்பந்தங்கள்தான்.

ஆளை முடிவு பண்ணினதும் கடைசிப் பட்டியலையும் பேசின தொகையையும் ஒரே மெசேஜ்ல அனுப்பி, "சரி"னு பதில் வாங்கிக்கோங்க. அதுக்கப்புறம் ஒரு சோபாவை வித்துட்டீங்க, இல்ல நாலு பெட்டி கூடிடுச்சுன்னா, ஏத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி, மாறின தொகையை அதே மெசேஜ் தொடர்ல எழுதி வாங்குங்க.