குதிரை டிரெய்லரின் வெள்ளை ஒயர்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் கார், லோரிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன் நான். பால்மரமும் செம்பனையும் இருக்கிற ஊரில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஈப்போவில் பந்தயத் திடல் இருக்கிறது, ஓட்டத்தை நிறுத்திய குதிரைகளை வாங்கி வளர்க்கிறவர்கள் எங்கள் பக்கமும் உண்டு, அவற்றை ஏற்றிப் போகும் டிரெய்லரில் லைட் எரியவில்லை என்றால் என் கடைக்கு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு சைஸ் அண்ணன், அதாவது குதிரையைப் பராமரிக்கிறவர், வந்தார். பிரேக்கை மிதித்தால் இடது பக்க லைட் மங்கலாகத் தெரிகிறது, சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. வேறொரு இடத்தில் மூன்று தடவை பல்ப் மாற்றிவிட்டார்களாம். "தம்பி, பல்ப் புதுசுதான்" என்றார். "அண்ணே, பல்ப்பை விடுங்க, வெள்ளை ஒயர் எங்கே போகுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

பல்ப்புக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வந்தால்தான் விளக்கு ஒழுங்காக எரியும். திரும்பி வரும் அந்த வழிதான் எர்த், டிரெய்லரில் பெரும்பாலும் வெள்ளை ஒயர். அது அடைபட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, பக்கத்து பல்ப் வழியாகப் போகப் பார்க்கும், அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்றும் எரிகிறது. சில சமயம் இழுவைக் கொக்கியின் இரும்புக் குண்டு வழியாகவே திரும்பும். அதில் கிரீஸ் பூசியிருக்கும், குழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் லைட் அணைந்து அணைந்து எரியும்.

அண்ணனின் டிரெய்லரில் வெள்ளை ஒயர் இரும்புச் சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பரை உரித்துப் பார்த்தேன். செம்பு கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் பச்சைக் களிம்பு தூளாக உதிர்ந்தது. குதிரையின் மூத்திரத்தில் கிளம்பும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் சேர்ந்துகொள்ளும். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது முனை நசுக்கி, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசையுள்ள குழாய் போட்டு, சட்டத்தில் பெயின்டைத் தேய்த்து வெறும் இரும்பில் முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். கறுப்பு டேப் மட்டும் சுற்றாதீர்கள், நம் வெயிலில் அதன் பசை உருகி வழிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் வோல்ட் பார்க்கும் மீட்டர் வையுங்கள். விளக்கை எரியவிட்டு, ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறு முனையை கார் பேட்டரியின் நெகட்டிவிலும் தொடுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த்தில்தான்.

அப்புறம், நிறத்தை மட்டும் நம்பி ஒயர் சேர்க்காதீர்கள். டிரெய்லரைக் காரோடு சேர்க்கும் பிளக்கில், பிரிட்டனிலிருந்து வந்த 7 ஊசி வகையில் கறுப்பு இடது பின்விளக்கு, ஆஸ்திரேலிய டிரெய்லரில் அதே கறுப்பு ரிவர்ஸ் விளக்கு. டெஸ்ட் லைட் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரும்பில் துளை போட்டு ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும், இல்லையென்றால் உரசி உரசி ஷார்ட் ஆகும். உள்ளே போகும் ஒயரைக் குழாயில் விடுங்கள், குதிரை எதையும் கடித்துப் பார்க்கும். உள்விளக்கையும் சும்மா விடாதீர்கள். இருட்டுக்குள் கால் வைக்கக் குதிரை தயங்கும்.

பிரேக் லைட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், குதிரை ஏற்றியவர் மெதுவாகத்தான் போவார், மெதுவாகத்தான் நிறுத்துவார். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருக்கும். சிவப்பு தெரியாவிட்டால் அந்த டிரைவருக்கு என்ன தெரியும்?

சைஸ் அண்ணன் இப்போது பிளக்கைக் கழற்றியதும் துடைத்து, தண்ணீர் தேங்காதபடி வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுகிறார். புறப்படும்முன் மகனைப் பின்னால் நிறுத்தி இடது, வலது, பிரேக் என்று சொல்லச் சொல்கிறார். குதிரையை ஏற்றுவதற்கு முன்னால், கவனியுங்கள். ஏறி நின்ற குதிரையை வெயிலில் காக்கவைத்துவிட்டு யாரும் ஒயர் தேடக்கூடாது.