வெள்ளத்தை நிறுத்த முற்றத்தையே உயர்த்தினார்கள்! நியூயார்க் குடியிருப்பின் கதை

வணக்கம். கடலோரத்தில் ஓர் அரசுக் குடியிருப்பு. புயல் அடித்தால் கடல்நீர் வாசலுக்கு வந்துவிடும். சுவர் கட்டலாம் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். இவர்களோ பிள்ளைகள் விளையாடும் முற்றத்தை மண் கொட்டி உயர்த்தினார்கள்!

[திரையில்: புரூக்ளின் வரைபடம்]

இடம், நியூயார்க்கின் ரெட் ஹுக். மூன்று பக்கமும் தண்ணீர். சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவான பகுதி. 1939இல் திறந்த குடியிருப்பில் இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2012 அக்டோபர் 29, சாண்டி புயல். நிலவறையில் இருந்த கொதிகலன்களிலும் மின்கருவிகளிலும் உப்புநீர் புகுந்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, குளிருக்கு வெப்பமும் இல்லை. மேல்மாடிகளில் இருந்த முதியவர்களை நினைத்துப் பாருங்கள்.

[திரையில்: முற்றத்தின் குறுக்குவெட்டுப் படம்]

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேபிஎஃப் என்ற கட்டிடக்கலை நிறுவனம், கட்டிடங்களுக்கு நடுவே உள்ள முற்றங்களை மண்மேடாக்கும் திட்டத்தைத் தந்தது. அந்த மேடுகளுக்கு 'அல்லி இலை' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு நம் ஊர்த் திண்ணைதான் தோன்றியது. தெருவில் மழைநீர் ஓடினாலும் திண்ணை நனையாது. மற்ற நாட்களில் அதே திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுவோம். இந்த மேடும் அப்படித்தான். வெள்ளம் வந்தால் அதன் விளிம்பில் தடைபட்டு நிற்கும். வெயில் நாளில் மேலே பிள்ளைகள் ஓடுவார்கள், பெரியவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். சுவர் எழுப்பியிருந்தால் ஆண்டு முழுவதும் அதன் நிழலில் வாழ வேண்டும். வெள்ளக் கதவுகளை மட்டும் நம்பினால், புயல் நேரத்தில் யாராவது ஓடிவந்து மூட வேண்டும். மண்மேட்டை யாரும் இயக்க வேண்டாம்! அதனால் மேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் மட்டும் கதவுகளை வைத்துக்கொண்டார்கள்.

மின்சாரமும் வெப்பமும் இனி நிலவறையிலிருந்து வராது. வெள்ளமட்டத்துக்கு மேலே தனி அறைகள் கட்டி, அங்கிருந்து பிரித்துத் தருகிறார்கள். சாண்டியின் அடி விழுந்தது நிலவறையில் என்பதால், மேட்டைவிடவும் இதுவே முக்கியமான மாற்றம் என்பேன்.

[திரையில்: வெட்டப்பட்ட மரங்கள்]

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. இந்த வேலைக்காக நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். வேர்மேல் மண் குவித்தால் மரம் மூச்சுத்திணறும். குழாய்களுக்குப் பள்ளம் தோண்டினால் வேர் அறுபடும். காரணம் புரிகிறது. ஆனால் அந்த நிழலில் வளர்ந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான். புதுக்கன்று நிழல் தர ஆண்டுகள் ஆகும். அதுவரை கோடையில் வாடுவது வாடகைக்கு இருக்கும் அந்த ஏழைக் குடும்பங்கள். பெரிய மரங்களைச் சுற்றி மேட்டை வளைத்திருக்க முடியாதா என்று கடைசிவரை மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

உங்கள் குடியிருப்பில் மின் மீட்டர் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கின்றன? இன்றே பார்த்துவிட்டு கமெண்டில் எழுதுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள்.