கயிறு முனகும் ஓசை

மார்கழியில் சென்னை மேடையில் ஒருவர் ஏறினால் ராகத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்தது சத்தத்தைப் பற்றி. சினிமாவுக்குச் சத்தம் பதிவு செய்கிற வேலை எனக்கு.

ஒருநாள் விடிவதற்கு முன் காசிமேட்டில் மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு விசைப்படகுகள் அருகருகே கட்டிக் கிடந்தன. தண்ணீர் தூக்கும்போது கயிறு இறுகி நீளமாக முனகும். இறங்கும்போது நடுவில் தொங்குகிற டயர்கள் நசுங்கி, புஸ்ஸென்று மூச்சு விடும். அடுத்த முனகல் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. சுருதி இல்லை, தாளம் இல்லை. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அந்தப் பதிவு படத்தில் வந்தபோது அதன்மேல் வயலினை ஏற்றிவிட்டார்கள். "சும்மா சத்தம்தானே சார்" என்றார்கள். அந்த 'சும்மா' இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

சும்மா என்று விடாதவர்கள் இருந்தார்கள். 1948-ல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, அவற்றைக் கோத்தே ஒரு படைப்பு செய்தார். மணியோசையையும் சோதித்துப் பார்த்தார். நாக்கு மோதுகிற முதல் 'டங்'கை நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ரீங்காரத்தை மட்டும் கேட்டால் அது மணி என்றே தெரியாது, குழல் மாதிரி இருக்கும். எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேள் என்பது அவர் கட்சி.

அதில் எனக்குப் பாதிதான் சம்மதம். காசிமேட்டை மறந்துவிட்டு அந்தக் கயிற்றை நான் எப்படிக் கேட்பேன்?

இந்த இடத்தில்தான் மேக்ஸ் நியூஹவுஸ் எனக்கு நெருக்கமாகிறார். தாளவாத்தியக்காரராக இருந்தவர் கச்சேரி மேடையை விட்டு இறங்கினார். 1977-ல் நியூயார்க் நகரத்தின் டைம்ஸ் சதுக்கத்தில், பாதசாரிகள் நடக்கிற இரும்புக் கிராதிக்கு அடியில் ஒலிபெருக்கியை வைத்தார். பெரிய மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்குமே ஒரு கார்வை, அப்படியொரு ஒலி. தொடக்கம் கிடையாது, முடிவு கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. தற்செயலாகக் கடக்கிறவர் சட்டென்று நிற்பார், அவ்வளவுதான். 1992-ல் நின்றுபோன அது, 2002-ல் மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. ஒரு கீர்த்தனையை மயிலாப்பூரிலும் பாடலாம், கிளீவ்லாண்டிலும் பாடலாம். அந்த ஒலியைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தால் அது வேறொன்று. இடம்தான் அதற்குப் பாதி உடம்பு.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தோன்றலாம். தண்ணீருக்குச் சலசல, சருகுக்குச் சரசர, கடிக்கிற பல்லுக்கு நறநற என்று தனித்தனியாகக் கேட்டுப் பிரித்துவைத்தவர்கள் நாம். காது நம்மிடம் இருக்கிறது. கேட்க உட்காருகிற வழக்கம்தான் இல்லை.

சரி, காசிமேட்டுப் பதிவை வயலின் இல்லாமல் கொண்டுவந்திருக்கிறேன். நான்கு நிமிஷம் ஓடும். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் புழுங்கும். கதவு திறந்தே இருக்கட்டும். தெருவில் பஸ் ஹார்ன் அடித்தால் அதையும் சேர்த்தே கேளுங்கள்.