கதவுக்குப் பின்னால் ஒரு தாள்

(பெங்களூர் அலசூரில், தமிழ்க் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் மாமன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அழைத்ததும் மறுபேச்சில்லாமல் வந்திருக்கும் கன்னட நண்பர்களே, சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் என்று நான்கு திசையிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். எல்லரிகூ நமஸ்காரா.

மகளிர் அணித் தலைவியை விட்டுவிட்டேன் என்று சீட்டு வருகிறது. மன்னிக்க வேண்டும். இன்றைய சுண்டலும் காப்பியும் அவர்கள் பொறுப்பு என்பதால் அவர்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 108 வண்டியில் வேலை பார்ப்பவரின் ஒரு நாள். முன்னால் ஓட்டுகிறவரைப் ‘பைலட்’ என்பார்கள், பின்னால் நோயாளியோடு இருப்பவரை ‘இ.எம்.டி.’ என்பார்கள். ஐந்து செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். காலையில் வண்டியைச் சோதிப்பது, முகவரி கண்டுபிடிப்பது, நோயாளி பக்கத்தில் செய்வது, சட்டம் தரும் பாதுகாப்பு, ஐந்தாவதாக இந்தப் படிப்புக்கு நம் பிள்ளைகள் போக வேண்டியது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108, 2008 நவம்பர் 1 அன்று ‘ஆரோக்கிய கவச’ என்ற பெயரில் கர்நாடகத்துக்கு வந்தது. இத்தனை வருஷமாகியும் அந்த வண்டியை எப்படி வரவேற்பது என்று நாம் கற்றுக்கொள்ளவில்லை.

நம் வீடுகளில் ‘ஆத்திர அவசரத்துக்கு’ என்று ஒரு பேச்சு உண்டு. ஆத்திர அவசரத்துக்கு நாலு காசு, ஆத்திர அவசரத்துக்கு ஒரு ஆள். அதே வாயால்தான் ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்றும் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழியை இன்று பலமுறை சொல்வேன். சலித்துக்கொள்ளாதீர்கள்.

காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது என்று வையுங்கள். பெரும்பாலும் 12 மணி நேர வேலை. வந்தவுடன் இ.எம்.டி. முதலில் பார்ப்பது ஆக்சிஜன். வண்டியில் இருக்கும் ‘பி டைப்’ சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர், நிறைந்திருந்தால் அழுத்தம் காட்டும் முள் 150-ல் நிற்கும். பத்தையும் நூற்றைம்பதையும் பெருக்கினால் 1500 லிட்டர். முள் 50-ல் இருந்தால் 500 லிட்டர்தான். மூச்சுத் திணறுகிறவருக்குப் பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போகும், ஆக 50 நிமிடம். ஒயிட்ஃபீல்டிலிருந்து பன்னேருகட்டா சாலை ஜெயதேவா இருதய ஆஸ்பத்திரிக்கு மாலை ஆறு மணிக்கு 50 நிமிடத்தில் போய்விடலாம் என்று இந்த மண்டபத்தில் யாராவது கை தூக்குங்கள் பார்ப்போம். இந்தக் கணக்கைக் கிளம்பிய பிறகு போடக் கூடாது, காலையிலேயே போட்டுச் சிலிண்டரை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது சக்‌ஷன் மெஷின். குழாயை விரலால் அடைத்து, முள் 300-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். வாந்தியும் ரத்தமும் தொண்டையை அடைக்கும்போது இது இழுக்காவிட்டால் மற்ற எந்தக் கருவிக்கும் வேலையில்லை. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் பல்பு எரிகிறதா, ஷாக் கொடுக்கும் கருவியில் பாட்டரி இருக்கிறதா, மார்பில் ஒட்டும் பட்டைகளின் தேதி முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் பசை காய்ந்திருக்கும், தோலில் ஒட்டாது. அட்ரினலின் ஆம்பூல்கள் எத்தனை, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எத்தனை, பிரசவக் கிட்டில் தொப்புள்கொடிக் கிளிப் இரண்டு இருக்கிறதா? ஒன்றுதான் இருந்தால் வெட்ட முடியாது, இரண்டுக்கும் நடுவில்தான் வெட்ட வேண்டும். சக்கர ஸ்ட்ரெச்சரின் கொக்கி, பெல்ட், கழுத்துப் பட்டை, முதுகுப் பலகை. பைலட் அந்தப் பக்கம் டயர், டீசல், சைரன் பார்க்கிறார். எல்லாம் சேர்ந்து அரை மணி. நடுவில் அழைப்பு வந்தால் அப்படியே கிளம்ப வேண்டியதுதான். அன்றைக்கு எது விட்டுப்போனதோ அது அன்றைக்கே தேவைப்படும், இது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் நம்பிக்கை.

இனி முகவரி. இதை ஒரு கதையாகவே சொல்கிறேன். இது ஏதோ ஒரு வீட்டைக் குறித்ததல்ல. பல வீடுகளில் துண்டு துண்டாக நடப்பதைச் சேர்த்துத் தைத்தது. ஆடி மாசம், ராத்திரி இரண்டு மணி. முனுசாமி என்று ஒரு பெரியவர், வயது அறுபத்தைந்து. நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி இருக்கிறது என்று எழுந்து உட்காருகிறார், வேட்டி நனைகிற அளவு வியர்வை. பையன் 108 போடுகிறான். “எங்கிருந்து பேசறீங்க?” “வீட்டுல இருந்துதான்!” “வீடு எங்க சார்?” “கோயிலுக்குப் பின்னாடி.” “எந்தக் கோயில்?” “மாரியம்மன் கோயில்ங்க, எல்லாருக்கும் தெரியுமே!” தமிழர்கள் குடியிருக்கிற இடத்தில் மாரியம்மன் கோயில் அடையாளமாகுமா? தெருவுக்கு ஒன்று இருக்கிறது. “மெயின், கிராஸ் சொல்லுங்க.” “அஞ்சாவது கிராஸ்.” இந்த ஊரில் மெயின் என்பது பெரிய தெரு, கிராஸ் என்பது குறுக்குத் தெரு; ஒவ்வொரு லேஅவுட்டும், அதாவது மனைப்பிரிவும், தனக்குத் தனியாக ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்கும். லேஅவுட் பெயர் இல்லாத அஞ்சாவது கிராஸ், ஊர்ப் பெயர் இல்லாத தபால் மாதிரி. “சீக்கிரம் வாங்கய்யா, கேள்வி கேக்கறீங்களே!” என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

வைத்தவன் சும்மா இருந்தானா? ஓசூரிலிருக்கும் அத்தைக்கு, கே.ஜி.எஃப். மாமாவுக்கு, வேலூர் மச்சானுக்கு வரிசையாகப் போன். பைலட் கூப்பிட்டால் லைன் பிஸி. ஐந்தாவது கிராஸ் ஒன்றைக் கண்டுபிடித்து உள்ளே திரும்பினால் கூழ் ஊற்றுவதற்குப் போட்ட பந்தல், தெருவை அடைத்துக்கொண்டு. ரிவர்ஸ். அடுத்த சந்தில் எதிரும் புதிருமாக நிறுத்திய இரண்டு கார். இ.எம்.டி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நடக்கிறார், பின்னால் நாலு நாய். வீட்டைப் பிடித்தால் கேட்டில் பூட்டு. மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “அவங்க ஆட்டோல போய்ட்டாங்கப்பா” என்கிறார். ஆட்டோ எங்கே போனது? மூலையிலிருக்கும் சின்ன நர்சிங் ஹோமுக்கு. அங்கே ராத்திரி டூட்டி டாக்டர் இல்லை. அங்கிருந்து மறுபடி 108-க்குப் போன். வருவது யார்? அதே வண்டி! இறங்கிய இ.எம்.டி.யைப் பார்த்துப் பையன் கேட்கிறான்: “இவ்வளவு நேரமா எங்கய்யா போயிருந்தீங்க?”

சிரிக்கிறீர்கள். அந்தப் பையன் இந்த மண்டபத்தில் நூறு பேராக உட்கார்ந்திருக்கிறான்.

அதனால்தான் போகிற மேடையிலெல்லாம் ஒரே வேண்டுகோள் வைக்கிறேன். வீட்டு வாசற்கதவின் உள்பக்கம், கண் மட்டத்தில், ஒரு தாளை ஒட்டுங்கள். முதல் வரியில் கதவு எண், கிராஸ், மெயின், லேஅவுட் பெயர். அடுத்த வரியில் இரவிலும் விளக்கு எரியும் ஒரு அடையாளம், பெட்ரோல் பங்க், பேக்கரி, ஏ.டி.எம். எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பது அதற்குக் கீழே. தமிழ்க் கூட்டத்தில் வந்து இதைச் சொல்கிறானே என்று கோபிக்காதீர்கள், முகவரியைக் கன்னடத்தில் முதலில் எழுதுங்கள், தமிழில் கீழே எழுதுங்கள். போன் பண்ணுவது நீங்களாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். ராய்ச்சூரிலிருந்தும் கலபுர்கியிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் பைலட்டுக்கு அவர் அதைப் பார்த்து அப்படியே படிக்க வேண்டும்.

தாளின் கீழ்ப்பாதி மூன்றாவது செய்தியோடு சேர்ந்தது. நோயாளி பக்கத்தில் போனவுடன் இ.எம்.டி. தூக்கிக்கொண்டு ஓட மாட்டார். ஓட வேண்டும் என்றுதான் வீட்டார் கத்துவார்கள். “ஏன் நிக்கிறீங்க, தூக்குங்க!” இதயத் துடிப்பு நின்று விழுந்தவருக்கு இருக்கிற இடத்திலேயே, கட்டிலில் இல்லாமல் தரையில் போட்டு, நெஞ்சை அழுத்த வேண்டும். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். மாற்றாவிட்டால் கை சோர்ந்து ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. ஓடும் வண்டியில் இதைச் செய்தால் ஒவ்வொரு ஹம்ப்ஸுக்கும் கை விலகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

நெஞ்சுவலிக்காரருக்கு ஈ.சி.ஜி. எடுக்க வியர்வையைத் துடைக்க வேண்டும், முடி இருந்தால் மழிக்க வேண்டும். இல்லையென்றால் பட்டை நழுவி, கோடு மலையும் பள்ளமுமாக வரும், ஒன்றும் தெரியாது. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கக் கொடுப்பார்கள், அதற்கு முன் அலர்ஜி உண்டா, வயிற்றில் ரத்தக் கசிவு உண்டா என்று கேட்பார்கள். பல வீடுகளில் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பிரஷர் ஏற்கெனவே 90-க்குக் கீழே போயிருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும். ஆண்மைக்கென்று சாப்பிடும் மாத்திரையை முந்தின நாள் போட்டிருந்தாலும் அதே கதிதான். இ.எம்.டி. அந்தக் கேள்வியை மனைவி, மருமகள் முன்னால் கேட்டால் எந்தப் பெரியவர் உண்மை சொல்வார்? அவர்களைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுக் கேட்பது தொழில் நுணுக்கம். கதவுத் தாளிலும் அதை எழுத மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சர்க்கரை மாத்திரையை எழுதுங்கள். மயங்கிக் கிடப்பவரைப் பார்த்துப் பக்கவாதம் என்று வீடே அழும். இ.எம்.டி. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38, மிகவும் குறைவு. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி போனால் அதில் 25 கிராம் குளுக்கோஸ், சில நிமிடத்தில் கண்ணைத் திறந்து, “யாருங்க நீங்க?” என்று கேட்பார். உடனே வீட்டார், “சரியாயிடுச்சு, ஆஸ்பத்திரி வேணாம்” என்று கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். அவர் சாப்பிட்டது கிளிமிபிரைட் வகை மாத்திரையாக இருந்தால், அது பல மணி நேரம் உடம்பில் வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கும், இந்த முறை தூக்கத்தில். ‘வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு’ என்றால் இ.எம்.டி.க்கு இது எப்படித் தெரியும்? பெயரும் மில்லிகிராமும் வேண்டும். மருந்துப் பெயர், அலர்ஜி, செய்துகொண்ட ஆபரேஷன், கடைசி ஈ.சி.ஜி. வைத்திருக்கும் இடம். இவ்வளவுதான் கீழ்ப்பாதி. பக்கவாதத்துக்கு மட்டும் இன்னொரு வரி, அதை அந்த நேரத்தில் பேனாவால் எழுதுங்கள்: கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அது அந்த மணியிலிருந்து ஓடத் தொடங்குகிறது, நீங்கள் பார்த்த மணியிலிருந்து அல்ல.

மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். வலிப்புக்குச் சாவிக்கொத்து வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும். படியில் இறக்கும்போது கால் முன்னால், தலை மேலே. இதெல்லாம் விரித்துச் சொன்னால் விடிந்துவிடும்.

இறக்கிவிட்டால் வேலை முடிந்ததா? நெஞ்சுக்கு ஜெயதேவா, தலையடிக்கு நிமான்ஸ், எலும்புக்குச் சஞ்சய் காந்தி, பிரசவத்துக்கு வாணி விலாஸ் என்று தேர்ந்து கொண்டுபோனாலும், எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் காலியாகாவிட்டால் நோயாளி வண்டியின் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். ஸ்ட்ரெச்சர் உள்ளே இருக்கும்வரை வண்டி வெளியே சும்மா நிற்கும். பிறகு ரத்தம் சிந்திய இடத்தில் 1 சதவீத ஹைபோகுளோரைட் என்ற கிருமிநாசினியை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். ஊசி வெள்ளை டப்பாவில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில், டியூப் சிவப்புப் பையில். கேஸ் ஷீட் எழுதி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. சாப்பாட்டை விடுங்கள், ‘ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது’ என்பார்களே, அதை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கும் பெண் இ.எம்.டி.கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் வண்டி நின்றால், டீ வேண்டாம், பாத்ரூம் போகணுமா என்று கேளுங்கள். மகளிர் அணியினர் கைதட்டுகிறீர்கள், நன்றி.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார். முன்னாள் மாமன்ற உறுப்பினரும் பேச வேண்டும், அவர் நேரத்தை நான் தின்றுவிட்டேன், பொறுத்தருள வேண்டும். ஆகவே நான்காவது செய்தியைச் சுருக்குகிறேன். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் அது வந்துவிட்டது, பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 194இ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வழிவிடுகிறேன் என்று வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும் ஸ்கூட்டர்காரர்களுக்கு என்ன தண்டனை என்று தலைமையாசிரியர் ஐயா கேட்கிறார், அதைத் தனியாகப் பேசுவோம். ஐந்தாவது செய்தி, பிள்ளைகளின் படிப்பு, அடுத்த மாதம்.

தாள்கள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன, வீட்டுக்கு ஒன்று. கன்னடத்தில் எழுத வராதவர்களுக்கு எழுதிக் கொடுக்கக் கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். முகவரியை இப்போதே எழுதிவிடலாம். மருந்துப் பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள், வீட்டுக்குப் போய் அட்டையைப் பார்த்து எழுதுங்கள். டாக்டர் மருந்தை மாற்றினால் அன்றைக்கே திருத்த வேண்டும், அதனால் பேனா வேண்டாம், பென்சில். பசை மகளிர் அணியிடம்.