இரண்டாவது உயிர்: ஸ்காட் பில்கிரிமும் வீடியோ கேமின் விதிகளும்

வணக்கம் நண்பர்களே. காமிக்ஸிலிருந்து உருவான படங்களில் எட்கர் ரைட் 2010-இல் இயக்கிய ‘ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் தி வேர்ல்டு’ படத்தை முன்வரிசையில் வைப்பேன் என்று நான் சொன்னபோது, பழைய வீடியோ கேம்களின் மீதுள்ள ஏக்கம்தானே காரணம் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அந்த ஏக்கத்தை மறுக்கவில்லை. எனினும், கேமின் விதிகளைக் கொண்டே நாயகனின் குணத்தைச் சோதிக்கும் படம் அது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

டொரொன்டோவில் வேலைவெட்டியின்றி ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்காட், ரமோனாவைக் காதலிக்கிறான். அவளுடைய முன்னாள் காதலர்கள் ஏழு பேரையும் சண்டையிட்டு வென்றாக வேண்டும். பிரையன் லீ ஓ'மாலி 2004 முதல் கறுப்பு வெள்ளையில் வரைந்த மூலக் காமிக்ஸின் ஆறு தொகுதிகளில் கடைசித் தொகுதி, படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியானது. ஆகவே படத்தின் உச்சக்கட்டம் தன் வழியில் செல்கிறது.

தொடக்கத்தில் யுனிவர்சல் நிறுவனத்தின் சின்னமே பழைய வீடியோ கேம்களின் 8-பிட் வடிவில் வருகிறது. ‘செல்டா’ கேமின் இசைக்காக ரைட் அதை உருவாக்கிய நின்டெண்டோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்றார். தோற்ற எதிரி நாணயங்களாகச் சிதறும்போது அங்கே யாரும் வாய்பிளப்பதில்லை; ஸ்காட்டோ அவற்றை எண்ணிப் பார்த்து, வீடு திரும்பும் பேருந்துக் கட்டணத்துக்குக்கூடப் போதாதே என்று சலித்துக்கொள்கிறான். விளக்கம் சொல்லாத இந்தத் துணிவால்தான் கேம் விளையாடியே அறியாதவரும் அந்த உலகத்துக்குள் தடையின்றி நுழைய முடிகிறது. (அந்த முதல் எதிரியான மாத்யூ பட்டேல் சண்டையின் நடுவே பாலிவுட் பாணியில் பாடத் தொடங்குவது எனக்குச் சிரிப்பையும் சங்கடத்தையும் சேர்த்தே தருகிறது.)

இறுதிச் சண்டைதான் என் வாதத்தின் மையம். காதலின் வாளை ஏந்திச் செல்லும் ஸ்காட், ஏழாவது முன்னாள் காதலனான கிடியனிடம் தோற்று இறக்கிறான். முன்பே வென்று வைத்திருந்த கூடுதல் உயிரால் அதே கட்டத்தை மறுபடியும் விளையாடுகிறான். ஒரு கட்டத்தை இரண்டாம் முறை ஆடுபவருக்கு எதிரி எங்கே நிற்பான் என்று தெரியும் அல்லவா? அவனும் வாயிற்காவலர்களை நொடியில் கடக்கிறான். ஆனால் முதல் முறை தவறவிட்டதையும் இப்போது செய்கிறான்: தான் புண்படுத்திய, தன் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞரான கிம்மிடம் மன்னிப்புக் கேட்கிறான், ரமோனாவுக்கு முன் தன் காதலியாக இருந்த நைவ்ஸ், ரமோனா இருவரையும் ஏமாற்றியதை ஒப்புக்கொள்கிறான். இம்முறை அவன் கையில் கிடைப்பது தன்மானத்தின் வாள். கூடுதல் உயிர் என்ற பழைய கேம் வழக்கத்தைத் திருந்துவதற்கான வாய்ப்பாக மாற்றிய இந்த ஒரு காட்சிக்காகவே, முதற்பாதியில் ஸ்காட்டின் தன்னலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அது எளிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திரையரங்குகளில் போட்ட முதலீட்டைக்கூடப் படம் மீட்கவில்லை. ஆனாலும் ரசிகர்கள் பெருகினர். படத்தையொட்டி யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் வெளியிட்டு, 2014-இல் விற்பனையிலிருந்து நீக்கிய கேம் 2021-இல் மீண்டும் வந்தது. 2023-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட அனிமே (ஜப்பானியப் பாணி அனிமேஷன்) தொடருக்குப் படத்தின் நடிகர்களே குரல் கொடுத்தனர். படத்தைப் பார்த்த பிறகே அத்தொடரைத் தொடங்குங்கள். முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே கதை வேறு திசையில் திரும்புகிறது, மூலக்கதையை அறிந்தவருக்குத்தான் அந்த அதிர்ச்சி முழுமையாகக் கிட்டும்.